பைக் அலாரம் பேட்டரியைக் குடிக்கிறதா? ஊருக்குக் கிளம்பும் முன் இதைக் கவனியுங்கள்!

அதிகாலை 3 மணி. அப்பா பைக் சாவியைத் திருப்பினார். மீட்டரில் மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து, உடனே அணைந்துபோனது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்' சத்தம்கூட இல்லை.

அப்பா சாலிகிராமத்தில் சின்னதாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அந்த நேரத்துக்குக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போனால்தான் நல்ல சரக்கு கிடைக்கும். அக்கா கல்யாணத்துக்காக 12 நாள் ஊரில் இருந்துவிட்டு, முந்தின நாள் இரவுதான் திரும்பியிருந்தோம். பைக்கில் கிக்கர் கிடையாது. நானும் அம்மாவும் தெருமுனை வரை தள்ளிப் பார்த்தோம். ம்ஹூம்! கடைசியில் ஆட்டோ பிடித்துப் போய், மூட்டைகளோடு அப்பா திரும்பியபோது மணி எட்டரை. காலை வியாபாரம் போச்சு.

"எல்லாம் இந்த அலாரம் செஞ்ச வேலை. முதல்ல அதைப் பிடுங்கிப் போடணும்" என்று கொதித்தார் அப்பா.

அந்த அலாரத்தை ஆசையாக வாங்கி மாட்டியவரும் அவர்தான். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் பழைய பைக் வீட்டு வாசலிலேயே திருடு போனது. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான் கட்டியிருந்தோம். அதில் வண்டி திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அந்தப் பயத்தில் வாங்கியது இந்த அலாரம்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிடுங்குறது ரெண்டு நிமிஷ வேலைண்ணே. அது எவ்வளவு குடிக்குதுன்னு பார்த்துட்டுப் பிடுங்குவோமே."

தூங்காத காவல்காரன்

சாவியை எடுத்தபிறகும் அலாரம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். வண்டியை யாராவது அசைக்கிறார்களா என்று சென்சார் கவனிக்க வேண்டும். ரிமோட் சிக்னல் வருகிறதா என்று ரிசீவர் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் கரன்ட் பைக் பேட்டரியிலிருந்துதான் போகிறது.

செத்துப்போன பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்ட மெக்கானிக், தன்னிடம் இருந்த வேறொரு பேட்டரியை மாட்டி, மல்டிமீட்டரை வைத்து அளந்தார். எங்கள் அலாரம் சும்மா இருக்கும்போதே 15 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"ஒரு நாளைக்கு 24 மணி நேரம் இருக்கேம்மா" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15-ஐ 24-ஆல் பெருக்கினால் 360. அதாவது ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர் ஹவர். எங்கள் பைக் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 4 ஆம்பியர் ஹவர்தான். முழு சார்ஜில் விட்டுப் போயிருந்தாலும் 11 நாளில் காலி. நாங்கள் போனது 12 நாள்!

இந்தக் கணக்கை நீங்களும் போடலாம். 100 முதல் 125 சிசி வரையிலான பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிதான் இருக்கும். 350 சிசி புல்லட் வகை வண்டிகளில் இதைவிடப் பெரிய பேட்டரி இருக்கும். பேட்டரியின் மேலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். பேட்டரி முழுவதும் காலியாகும் வரை வண்டி ஸ்டார்ட் ஆகும் என்று நினைக்க வேண்டாம். செல்ஃப் மோட்டாரைச் சுற்ற நிறைய கரன்ட் வேண்டும் என்பதால், பாதி இறங்கினாலே பல வண்டிகள் மக்கர் செய்யும். பழைய பேட்டரி என்றால் இன்னும் சீக்கிரம்.

பூனை குதித்தாலும் அலறுகிறதா?

சைரன் கத்தும்போது செலவு இன்னும் அதிகம். லாரி போனால், பூனை ஏறினால், பட்டாசு வெடித்தால் எல்லாம் அலறுகிற அலாரம், பேட்டரியை வேகமாகக் காலி செய்யும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தினமும் சும்மா கத்தும் அலாரத்துக்கு அக்கம்பக்கத்தில் யாரும் எழுந்து வர மாட்டார்கள். நிஜமாகவே திருடன் கை வைக்கும் அன்றும் 'வழக்கம்போலக் கத்துது' என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். சென்சிட்டிவிட்டியைக் குறைக்கும் வசதி பல அலாரங்களில் இருக்கிறது. மாட்டிய கடையில் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளியும் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

அந்தக் காலத்து வண்டி என்றால் செகண்ட் கியரில் தள்ளி ஓட்டிவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்தபிறகு, புது பைக்குகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இதில் பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்புவதே மின்சார பம்ப்தான். பேட்டரி சுத்தமாகப் படுத்துவிட்டால், எவ்வளவு தள்ளினாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது. கிக்கர் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பேட்டரியைக் காப்பாற்ற...

* ஓட்டுங்கள், உறும விடாதீர்கள்: தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐடிலிங்கில் சார்ஜ் குறைவாகவே ஏறும். செல்ஃபுக்குச் செலவான கரன்ட்கூடத் திரும்பாமல் போகலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது 20, 30 நிமிடம் ஓட்டுவதே நல்லது.

* வோல்ட் பாருங்கள்: இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12-க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் செய்ய வேண்டும். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குற்றவாளி அலாரம் அல்ல, சார்ஜிங்கில்தான் கோளாறு.

* நீண்ட பயணமா? நெகட்டிவைக் கழற்றுங்கள்: ஒரு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால், ஸ்பேனர் ஃபிரேமில் பட்டு ஷார்ட் ஆகலாம். நெகட்டிவைக் கழற்றினால் அலாரமும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

* கார் சார்ஜர் வேண்டாம்: பைக் பேட்டரியை அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரன்ட்டில் மெதுவாக ஏற்றுவது பாதுகாப்பானது. 4 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர். கார் சார்ஜரில் போட்டால் சூடாகிக் கெட்டுவிடலாம்.

* காலியாக விட்டுவைக்காதீர்கள்: லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால், உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் நிற்காது. எங்கள் பேட்டரிக்கும் அதுதான் நடந்தது. புதிதுதான் வாங்க வேண்டியிருந்தது.

அலாரம் வாங்கும்போது...

சும்மா இருக்கும்போது எவ்வளவு கரன்ட் எடுக்கும் என்று கேளுங்கள். 15-க்குப் பதில் 5 மில்லி ஆம்பியர் என்றால், அதே பேட்டரி மூன்று மடங்கு நாள் தாங்கும். அலாரத்துக்குப் போகும் வயரில் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வண்டியின் ஒரிஜினல் வயரிங்கை வெட்டி இணைத்தால் வாரன்டி பாதிக்கலாம். ரிமோட்டிலேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வசதி இருந்தால் அதைத் துண்டித்துவிடுங்கள். வண்டி கியரில் இருக்கும்போது வீட்டுக் குழந்தை பட்டனை அழுத்தினால், பைக் முன்னால் பாய்ந்துவிடும்.

பேட்டரிப் பிரச்னையே வேண்டாம் என்பவர்களுக்கு அலாரத்தோடு வரும் டிஸ்க் லாக் இருக்கிறது. அதற்குள்ளேயே தனி பட்டன் செல்கள் இருப்பதால் பைக் பேட்டரியைத் தொடாது. பூட்டியதை மறந்து வண்டியை எடுத்தால் விழ வேண்டியதுதான் என்பதால், நினைவுக்கு ஹேண்டில்பாரில் ஒரு கயிற்றைக் கட்டிவையுங்கள்.

அப்பா கடைசியில் அலாரத்தைப் பிடுங்கவில்லை. சென்சிட்டிவிட்டியை மட்டும் குறைத்தார். ஊருக்குப் போனால் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஹேண்டில் லாக், டிஸ்க் லாக் இரண்டும் போட்டு, ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் கட்டுகிறார். இன்ஷூரன்ஸையும் திருட்டு கவராகும்படி மாற்றிவிட்டார்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. ராத்திரி தெருவில் எந்த வண்டி அலறினாலும் எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறார்.

"நம்ம வண்டி இல்லப்பா, படுங்க" என்றால், "அன்னிக்கு நம்ம வண்டி போனப்போ எல்லாரும் அப்படித்தான் படுத்திருந்தாங்க" என்கிறார்.