ஓரிலையா, பல இலைகளா?

வேப்ப ஈர்க்கு ஒன்றினைக் கையிலெடுத்தால், அதன் இருமருங்கும் பல இலைகள் இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். தாவரவியலார் கணக்கிலோ அது முழுவதும் ஓரிலையே. காம்பு கிளையோடு சேருமிடத்தில்தான் மொட்டு உண்டு; சிற்றிலைகளின் அடியில் இல்லை. இதனையே கூட்டிலை என்பர். மாவிலை தனித்திருக்க, வேப்பிலை ஏன் இவ்வாறு பிரிந்தது?

தண்டின் நுனியிலுள்ள செல்கள் முதிர்ந்துவிடாது புதிய உறுப்புகளைத் தோற்றுவித்த வண்ணம் இருப்பதற்கு ‘நாக்ஸ்’ எனும் மரபணுக்கள் துணைநிற்கின்றன. இலை அரும்பும் இடத்தில் அவை அடங்கிவிடுகின்றன. தக்காளி போன்றவற்றில் மட்டும் இளம் இலையினுள் அவை மீண்டும் இயங்குகின்றன. ஆகவே இலையின் விளிம்பு உடனே முதிராமல் சிற்றிலைகளை ஈனுகிறது. மக்காச்சோளத்தின் இத்தகைய மரபணு ஒன்றைத் தக்காளியில் மிகுதியாக இயங்கச் செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. அத்தக்காளியில் ஓரிலையே நூற்றுக்கணக்கான சிற்றிலைகளாகப் பிரிந்தது!

எனினும் வழி ஒன்றன்று. பட்டாணியில் இப்பணியைச் செய்வது, பூக்களை உருவாக்குவதிலும் பங்குகொள்ளும் வேறொரு மரபணுவாகும்.

தனியிலை எளியது, ஆதலால் அதுவே மூலவடிவம் என்று நாம் கருதக்கூடும். 2014இல் வெளியான ஆய்வொன்று இக்கருத்தைத் திருத்துகிறது. கடுகுக் குடும்பத்தின் சிறு களையாகிய ‘கார்டமைன் ஹிர்சூட்டா’வில், சிற்றிலைகளுக்கு இடைப்பட்ட பகுதியின் வளர்ச்சியைத் தடுத்து அவற்றைப் பிரித்து நிறுத்துவது ‘ஆர்.சி.ஓ.’ எனும் மரபணு. தனியிலை கொண்ட அதன் உறவுச்செடி ‘அராபிடாப்சிஸ்’ அம்மரபணுவை இழந்துவிட்டது. ஆய்வாளர் அதனை மீண்டும் புகுத்தவே, இலை விளிம்பு ஆழப் பிளவுற்றது.

எளிமை எப்போதும் தொடக்கமன்று. சில வேளைகளில் அது இழப்பின் விளைவுமாகும்.