அரை மில்லிமீட்டர்

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டால், "கை பழகிட்டா தானா ஓடும்" என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஓர் ஆளுக்கு ஒரு காலையில் 500 மரம் என்று வைத்துக்கொள்வோம். 75 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தில் பாதிச் சுற்றுக்கு, 30 பாகைச் சரிவில் வெட்டினால் வெட்டின் நீளம் 43 செ.மீ. 500 மரத்துக்கு 215 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் கத்தியின் ஆழம் மாறக்கூடாது. பால் குழாய்கள் உள்பட்டையில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. கத்தி மேலோடு நின்றால் பால் குறையும். கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாக வீங்கும். நடுவில் விட்டுவைக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்.

விடிவதற்கு முன்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் தளரும். மூன்று மணி நேரத்தில் முடிப்பதென்றால் மரத்துக்கு 21.6 விநாடி. வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பதும், பால் ஏந்தும் கிண்ணமான மங்கு நிமிர்த்துவதும், அடுத்த மரத்துக்கு நடப்பதும் அதற்குள்தான்.

தலையில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவத்தி. இடது மேலிருந்து வலது கீழாகக் கத்தி சின்னச் சின்ன இழுப்பாக இறங்குகிறது. சீவல் காலடியில் விழுகிறது. வெட்டில் வெள்ளைப் பொட்டுகள் அரும்பி, கோடாகி, தகரத் தூம்பில் வழிந்து மங்கில் சொட்டுகின்றன. அதற்குள் ஆள் அடுத்த மரத்தில்.

வேலையில் தன்னை மறப்பதைப் பற்றி 1990-இல் புத்தகம் எழுதிய உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, அதற்குத் தெளிவான இலக்கும், உடனுக்குடன் தெரியும் விளைவும், திறமைக்கேற்ற சவாலும் வேண்டும் என்றார். மூன்றும் மலேசியாவின் பேராக் தோட்டங்களில் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்த கையோடு கிடைத்தன. கொசுவும் கூலிக் கவலையும் சேர்ந்தே கிடைத்தன என்பதால், இதைத் தியானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, கவனம் பிசகினால் வரும் செலவு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. மழை நாள் போக ஆண்டுக்கு 160 வெட்டு எனலாம். ஒவ்வொரு வெட்டிலும் 1.5 மி.மீ. பட்டை சீவினால் ஆண்டுக்கு 24 செ.மீ. அதுவே 2 மி.மீ. ஆனால் 32 செ.மீ. அரை மில்லிமீட்டர் அசட்டைக்கு மரத்துக்கு 8 செ.மீ.; 500 மரத்துக்கு 40 மீட்டர் பட்டை வீண். 150 செ.மீ. உயரப் பட்டை ஆறு ஆண்டுக்கு மேல் வர வேண்டியது, ஐந்தைத் தொடாமல் தீர்ந்துவிடும். புதுப்பட்டை தடித்து வர அவகாசமும் அந்த அளவுக்குக் குறையும்.

வரவு? ஸ்டோரில், பாலின் சரக்கை அளக்கும் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். 20 லிட்டர் பாலில் 30 விழுக்காடு சரக்கு, அதாவது உலர்ந்த ரப்பர், என்றால் ஏறத்தாழ 6 கிலோ. தோட்டத்து எழுத்தரான கிராணியின் புத்தகத்தில் ஏறுவது அந்த 6 மட்டும்தான். அரை மில்லிமீட்டர் கவனத்தால் மிச்சமான 40 மீட்டர் பட்டை தோட்டத்தின் கணக்கில் சேர்ந்தது. வெட்டியவர் கணக்கில் அல்ல.

தானாக ஓடிய கை இல்லை அது. 1877-இல் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்று, ஈப்போவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், மரமாக இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பட்டையைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள்.