குழாய்க்குச் சூடு எப்போது?

நான் துணி வியாபாரி. விமானம் ஓட்டியவனல்ல, படித்துத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிறு விமானங்களின் இறக்கையடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பீட்டோ குழாய், எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்கி வேகமானிக்குத் தருகிறது. பிரெஞ்சுக்காரர் பீட்டோ 1732-இல் ஆற்றோட்டம் அளக்கச் செய்தது, ஆகாயத்துக்கும் ஆச்சு!

குழாயின் வாயும் வடிதுளையும் பனிக்கட்டியால் அடைபட்டால் காற்று உள்ளே சிறைப்படும். மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறையும். வேகம் கூடுவதாக முள் பொய் சொல்லும். 1974 டிசம்பர் 1-இல் அமெரிக்காவில் ஒரு போயிங் 727-இல் குழாய்ச் சூட்டு விசையைப் போடவில்லை. வேகம் மிஞ்சுகிறதென்று மூக்கைத் தூக்கினார்கள். விமானம் விழுந்து மூவர் மாண்டனர். பெரிய விமானந்தான், ஆனால் குழாயின் குணம் ஒன்றே.

வெளியே சுமார் 5 டிகிரிக்குக் கீழே குளிர், எதிரே மேகமோ மழையோ என்றால், நுழையுமுன்பே விசையைப் போட வேண்டும். அடைபட்ட பின் போட்டால் பனி உருகும்வரை முள்ளை நம்ப முடியாதே! தரையில் மட்டும் நெடுநேரம் வேண்டாம். காற்றோட்டமின்றிக் குழாய் அதிகமாய்ச் சூடேறிக் கெடும், பாட்டரியும் இறங்கிப்போகும்.