கற்பிக்கும் கலையை இயங்கலையில் கற்றல்



ஆசிரியர் கரும்பலகையின் முன் நின்று உரைப்பதும், மாணவர் வரிசையாக அமர்ந்து கேட்பதுமே கல்வி என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ கணினி, கைப்பேசி, தட்டைக் கணினி எனப் பல கருவிகள் பள்ளிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டன. "பிள்ளைக்கு ஒரு தட்டைக் கணினி வாங்கிக் கொடுத்தால் நன்றாகப் படித்துவிடுவானா?" என்று பெற்றோர் பலர் ஆசிரியர்களிடம் கேட்கின்றனர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்க வேண்டிய பொருள் அஃது. ஆகவே இக்கேள்வி எளிதாகத் தள்ளிவிடத் தக்கதன்று.

இக்கேள்விக்கு முறையாக விடை தேடும் ஒரு துறை உண்டு. கல்வித் தொழில்நுட்பமும் கற்றல் வடிவமைப்பும் என்பது அதன் பெயர். அத்துறையில் முதுகலைப் பட்டம் வரை இன்று வீட்டிலிருந்தவாறே இயங்கலை வழியாகப் பயிலலாம். அப்படிப்பு எத்தகையது, அதில் எவற்றைக் கற்பிக்கின்றனர், அதனால் நமக்கு விளையும் பயன் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அஞ்சலில் தொடங்கிய பயணம்

ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு கல்வி நடத்துவது புதுமையன்று. 1840ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பார் சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சல் அட்டைகளில் எழுதி அனுப்பிக் கற்பித்தார். 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம், எங்கே இருந்து படித்தவராயினும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று வாயிலைத் திறந்துவிட்டது. 1969இல் அந்நாட்டில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1971இல் சேர்ந்த அதன் முதல் மாணவர்கள், அஞ்சலில் வந்த பாட நூல்களோடு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் கேட்டனர்.

நம் மலேசியாவும் பின்தங்கிவிடவில்லை. அதே 1971ஆம் ஆண்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தொலைக்கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. வேலையை விடாமலே பட்டம் பெறும் வழி நம் நாட்டில் அப்போது பிறந்தது. 1972இல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. கற்பித்தல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பற்றிய முதுகலைப் படிப்பை அது வழங்கியுள்ளது. ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோப் பல்கலைக்கழகம் இத்துறை சார்ந்த முதுகலைப் படிப்பை 2006ஆம் ஆண்டு முதல் முழுவதும் இயங்கலையிலேயே நடத்தி வருகிறது. அஞ்சல் அட்டை போய்க் கணினித் திரை வந்தது. கற்கும் ஆர்வம் மட்டும் மாறவில்லை.

உளியும் கையும்

இத்துறையில் சேர்பவர் முதன்முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, கருவி கற்பிக்கின்றதா என்பதாகும். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு கிளார்க் என்னும் அமெரிக்கக் கல்வியாளர், அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஆராய்ந்து ஒரு முடிவைக் கூறினார். மளிகைப் பொருளை ஏற்றிவரும் லோரியால் உணவின் சத்து கூடுவதில்லை. அதுபோலப் பாடத்தை ஏற்றிவரும் கருவியால் கற்றல் கூடுவதில்லை. கற்பிக்கும் முறையே கற்றலைக் கூட்டுகிறது என்பது அவர் கருத்து. ராபர்ட் கோஸ்மா என்பார் இதனை மறுத்தார். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தன்மை உண்டு. அதனை அறிந்து பாடத்தை அமைத்தால் கருவியும் துணை செய்யும் என்றார் அவர். இருவர் கூற்றிலும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. திட்டமில்லாத கருவி தானாக எதனையும் கற்பிக்காது என்பதே அது.

பால்மரம் சீவியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உளி கூர்மையாக இருப்பதால் மட்டும் மங்கு நிறைந்துவிடாது. பட்டையை இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரிவாய்ச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டு முண்டாக வளரும். பால்மரங்கள் இருந்த இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கின்றது. எனினும் உளியைவிட அதனைப் பிடிக்கும் கையின் பயிற்சியே பெரிது என்னும் பாடம் மறையவில்லை. கற்றல் வடிவமைப்பு என்பது அக்கைக்கு அளிக்கும் பயிற்சியே ஆகும்.

பாடம் ஒன்றை அமைக்கும் முறை

வீடு கட்டுவோர் முதலில் வரைபடம் வரைவர். அதுபோலவே பாடத்திற்கும் வரைபடம் வேண்டும். 1975ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சிக்காக ஒரு முறையை வகுத்தனர். பகுத்தாய்தல், வடிவமைத்தல், உருவாக்கல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளாக அம்முறை இன்று பல முதுகலைப் படிப்புகளில் கற்பிக்கப்படுகிறது.

தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடம் ஒன்றைக் கொண்டு இதனைப் பார்ப்போம். பின்னம் கற்கும் சிறுவருள் பலர், நான்கு இரண்டைவிடப் பெரியது ஆதலால் காற்பங்கு அரைப்பங்கைவிடப் பெரியது என்று எண்ணிவிடுகின்றனர். பாடத்தைத் தொடங்குமுன் இத்தகைய தவறான எண்ணத்தைக் கண்டறிவதே பகுத்தாய்தல். பாடத்தின் முடிவில் மாணவர் எதனைச் செய்து காட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது வடிவமைத்தல். "பின்னத்தைப் புரிந்துகொள்வர்" என்று எழுதுவது போதாது. "இரண்டு பின்னங்களுள் பெரியதனைக் கண்டு, காரணமும் கூறுவர்" என்று எழுத வேண்டும். அடுத்து, ஒரு ரொட்டிச் சானாயை இருவர் பங்கிடுவதையும் நால்வர் பங்கிடுவதையும் காட்டும் படமோ செயற்பாடோ ஆயத்தம் செய்வது உருவாக்கல். அதனை வகுப்பில் நடத்துவது நடைமுறைப்படுத்தல். மாணவர் மெய்யாகவே காரணம் கூறுகின்றனரா என்று சோதித்து, கூறாவிடில் பாடத்தைத் திருத்துவது மதிப்பிடல்.

கவனியுங்கள். இதில் கணினி எங்கே வந்தது? மூன்றாம் படியில், அதுவும் தேவையிருந்தால் மட்டுமே. காகிதத் துண்டு போதுமாயின் காகிதமே சிறந்த தொழில்நுட்பம்.

நாம் பட்ட பாடு

பகுத்தாய்தல் என்னும் முதற்படி எத்துணை இன்றியமையாதது என்பதை 2020ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. 2021ஆம் ஆண்டிலும் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் பல மாதங்கள் தொடர்ந்தது. பல குடும்பங்களில் கைப்பேசி ஒன்றே, பிள்ளைகள் மூவர். அந்த ஒன்றும் தந்தையாரோடு வேலைக்காட்டுக்குச் சென்று மாலையில்தான் திரும்பும். இந்நிலையில் காலை எட்டு மணிக்கு நேரலை வகுப்பு நடத்தினால் அதில் சேரும் பிள்ளைகள் எத்தனை பேர்?

கற்றல் வடிவமைப்பைப் பயின்றவர், பாடத்தை ஆயத்தம் செய்யுமுன் கற்போரின் நிலையைக் கேட்டறிவார். கருவி யாரிடம் உண்டு, எந்நேரத்தில் உண்டு, இணைய இணைப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அறிந்த பின்னரே வழியைத் தேர்வார். புலனத்தில் அனுப்பிய ஐந்து நிமிடக் குரல் பதிவும், அச்சிட்ட ஒரு தாளும், ஒரு மணி நேர நேரலையைவிட அத்தகைய வீட்டுக்கு மிகுதியாக உதவக்கூடும். இத்துறையில் மைக்கேல் மூர் என்னும் அறிஞர் கூறிய கருத்து ஒன்றும் கற்பிக்கப்படுகிறது. தொலைக்கல்வியில் உண்மையான தொலைவு மைல் கணக்கில் அளப்பதன்று. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே புரிதலில் ஏற்படும் இடைவெளியே அத்தொலைவு என்றார் அவர். ஒரே வகுப்பறையில் இருந்தும் அவ்வெளி பெருகலாம். கடல் கடந்திருந்தும் அது குறையலாம்.

மனம் கற்கும் வகை

முதுகலை மாணவர் மனித மனம் எவ்வாறு கற்கிறது என்பதனையும் ஆழ்ந்து பயில்கின்றனர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் சுவெல்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, நம் மனம் ஒரே நேரத்தில் தாங்கும் சுமைக்கு எல்லை உண்டு என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. பாடத்தோடு தொடர்பில்லாத இசையும், ஆடும் படங்களும், மின்னும் எழுத்துகளும் அச்சுமையைக் கூட்டிக் கற்றலைக் குறைக்கின்றன. பளபளப்பான செயலி நல்ல செயலி ஆகிவிடாது என்பதைப் பெற்றோர் இதனால் அறியலாம்.

மற்றோர் ஆய்வு 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் அதனை நடத்தினர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒருபுறம். ஒரு முறை படித்துவிட்டு, நூலை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபுறம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டனர்.

இதற்குப் பொருட்செலவு ஒரு வெள்ளிகூட இல்லை. பெற்றோர்களே, நீங்கள் அதிகம் படிக்காதவராயினும் கவலை வேண்டா. இரவு உணவுக்குப் பின் பிள்ளையின் நூலை மூடி வைத்து, "இன்று பள்ளியில் என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று கேளுங்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் கேளுங்கள். பிள்ளை நினைவுகூர்ந்து கூறும் ஒவ்வொரு முறையும் பாடம் மனத்தில் வேரூன்றுகிறது.

படிப்பின் நடைமுறை

இனி, இயங்கலையில் முதுகலை பயிலும் முறையைக் காண்போம். பாடக் குறிப்புகளும் ஒளிப்பதிவுகளும் பல்கலைக்கழகத்தின் இணையத் தளத்தில் வைக்கப்பட்டிருக்கும். மாணவர் தமக்கு வாய்த்த நேரத்தில் அவற்றைப் படிப்பர். விரிவுரையாளரோடும் உடன் பயில்வோரோடும் எழுத்தில் கலந்துரையாடுவர். குறித்த நாளில் ஒப்படைப்புகளை அனுப்புவர். முடிவில் தாமே ஒரு பாடத்தொகுதியை வடிவமைப்பதோ ஆய்வு எழுதுவதோ உண்டு. இதில் ஒரு சிறப்பும் உள்ளது. இயங்கலையில் கற்பிப்பது எப்படி என்பதனை அவர்கள் இயங்கலை மாணவராக இருந்தே உணர்கின்றனர். விளக்கமில்லாத ஓர் அறிவுறுத்தல் எவ்வளவு தடுமாற்றம் தரும், கேள்விக்கு விடை வரத் தாமதமானால் மனம் எப்படிச் சோரும் என்பன அனுபவப் பாடங்களாகின்றன.

உழைப்பு எவ்வளவு வேண்டும்? மலேசியாவில் பாடநெறி வழியிலான முதுகலைப் படிப்புக்குக் குறைந்தது 40 கடன்மணிகள் தேவை. ஒரு கடன்மணி என்பது ஏறத்தாழ 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். ஆக மொத்தம் 1,600 மணி நேரம். பகலில் வேலை செய்து, வாரத்திற்கு 15 மணி நேரம் ஒதுக்கிப் படிப்பவருக்கு ஏறக்குறைய 107 வாரங்கள், அஃதாவது ஈராண்டுக்குச் சற்று மேல் ஆகும். வீட்டிலிருந்து படிப்பது எளிது என்று எண்ணிச் சேர்ந்து, இடையில் கைவிடுவோர் உண்டு. நேரத்தைத் திட்டமிடாதவர்க்கும் துணையின்றித் தனித்துப் போனவர்க்கும் இவ்வழி கடினம். குடும்பத்தாரின் ஒத்துழைப்பும், உடன் பயில்வோர் நட்பும் பெரிதும் வேண்டும்.

சேருமுன் கவனிக்க வேண்டியவை சில உள. எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அப்படிப்பு இடம்பெற்றுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். கட்டணம் முழுவதும் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டறிதல் வேண்டும். வெளிநாட்டுப் பட்டமாயின், தம் பணிக்கு அஃது ஏற்கப்படுமா என்று முன்னதாகவே விசாரித்தல் வேண்டும். விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது கூடாது. முறையான கல்வித்தகுதி குறைவாக இருப்போர்க்கும் ஒரு வழி உண்டு. வேலையில் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்வியில் சேர்க்கும் 'அப்பெல்' என்னும் திட்டம் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. வேலைக்காட்டில் காலம் கழித்தோம், இனிப் படிப்பேது என்று சோர்ந்திருப்போர் அதனை விசாரித்துப் பார்க்கலாம்.

இப்பட்டம் ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் ஊழியர்க்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அப்பயிற்சிகளை அமைப்போரும் இத்துறையையே பயில்கின்றனர். தமிழ்ப்பள்ளிகளுக்கோ இதன் தேவை இன்னும் மிகுதி. ஆங்கிலத்தில் பல்லாயிரம் பாடச் செயலிகள் உள்ளன. நம் பிள்ளைகளின் நிலையறிந்து, நல்ல தமிழில், முறைப்படி வடிவமைத்த பாடங்களோ குறைவு. அக்குறையை அயலார் வந்து தீர்க்க மாட்டார். நம் பள்ளிகளில் படித்து வளர்ந்தோரே தீர்க்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! ஆசிரியர் நடத்தும் பாடத்தைக் கேட்கும்போது, அதனை உங்கள் தம்பி தங்கைக்கு எப்படி விளக்குவீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணமே கற்றல் வடிவமைப்பின் முதற்படி. பெற்றோர்களே! தட்டைக் கணினி வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். ஆனால் அதில் பிள்ளை எதனைக் கற்கப் போகிறது என்று ஆசிரியரைக் கேட்டறிந்த பின் வாங்குங்கள். வசதியில்லையெனில் வருந்த வேண்டா. நூலை மூடிவிட்டுக் கேட்கும் ஒரு கேள்வி உங்கள் கையில் இருக்கிறது. அதனை இன்றிரவே தொடங்குங்கள்.