புது நாட்டில் கார் ஓட்டப் பழகுதல்

பல ஆண்டுகள் நம் ஊர்ச் சாலைகளில் கார் ஓட்டிப் பழகியவர் அயல்நாட்டுக்குக் குடியேறினால், அங்கே மீண்டும் மாணவராக வேண்டுமா? பிரிட்டனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

அந்நாட்டிலும் வண்டிகள் சாலையின் இடப்புறமாகவே செல்கின்றன. ஓட்டுபவரின் இருக்கையும் நம் கார்களில் இருப்பதுபோல் வலப்புறமே அமைந்துள்ளது. ஆதலால் கைக்குப் புதுப் பழக்கம் தேவையில்லை. ஆனால் சட்டம் வேறு. அங்குக் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரைதான் இந்திய லைசென்ஸைக் கொண்டு கார் ஓட்டலாம். பின்னர் அந்நாட்டு லைசென்ஸைப் பெற்றாக வேண்டும். இதற்கு இரு தேர்வுகள் உண்டு. முதல் தேர்வில் 50 வினாக்களுள் 43க்கேனும் சரியான விடை தர வேண்டும். சாலையில் நேரக்கூடிய அபாயத்தை முன்னரே உணரும் திறனும் அதில் சோதிக்கப்படும். இரண்டாவது, சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு.

இத்தேர்வுக்கு எவ்வகைக் காரில் செல்வது என்பதே பலரைத் தயங்க வைக்கும் கேள்வி. கையால் கியர் மாற்றும் காரில், இடக்கால் கிளட்சை மிதித்து எஞ்சினைச் சக்கரங்களினின்று பிரிக்க, இடக்கை கியரை மாற்றுகிறது. தானாகக் கியர் மாறும் காரில் கிளட்ச் மிதியே இல்லை. 1939ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் இத்தகைய அமைப்பொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. கியரைப் பற்றிய கவலை ஒழிவதால், புதியவரின் கருத்து முழுவதும் சாலையில் நிலைக்கும். இது பெரிய நன்மையே.

எனினும் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. நம் நாட்டில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கும் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் லைசென்ஸில் வேறுபாடு இருப்பதை அறிவோம். பிரிட்டனில் காருக்கும் அத்தகைய வேறுபாடு உண்டு. தானியங்கிக் காரில் தேறியவர் கைக்கியர் காரைத் தனியே ஓட்ட முடியாது; கைக்கியரில் தேறியவரோ இரண்டையும் ஓட்டலாம். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் ஒருவருக்கு, பணியிடத்தார் தரும் கார் கைக்கியர் உடையதாயிருந்தால், அவருடைய பிழைப்பே இந்த ஒரு தேர்வைப் பொறுத்ததாகிவிடும்.

எனவே முன்னமே கைக்கியரில் தேர்ந்தவர்கள் அதிலேயே தேர்வு எழுதுவது நலம் என்பது நம் கருத்து. புதிதாகப் பழகுவோர், தாம் ஓட்டப்போகும் வண்டி எதுவென்று விசாரித்து முடிவு செய்யலாம். மின்சாரக் கார்களும் தானியங்கி வகையிலேயே சேர்க்கப்படுவதை அவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் நாட்களைக் கணக்கிட மறத்தலாகாது. 12 மாதங்கள் கடந்தும் தேறாதவர் பழகுநராகவே கருதப்படுவார். காரில் சிவப்பு நிற 'எல்' பலகையை மாட்டி, 21 வயது நிரம்பி மூன்றாண்டுகளாக லைசென்ஸ் பெற்றுள்ள ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டே அவர் ஓட்ட வேண்டும். தனியே வேலைக்குச் செல்ல இயலாது.

கியரைக் கையாளச் சில வாரங்களில் கற்றுவிடலாம். வட்டச் சந்திப்பில் வலப்புறமிருந்து வருவோருக்கும், வரிக்கோடுகளின் மேல் சாலையைக் கடப்போருக்கும் நின்று வழிவிடும் இயல்பைப் பெறுவதே கடினம். அதைக் கற்றுத்தரும் கார் எதுவுமில்லை, நாமேதான் பழகவேண்டும்.