கலரை கடைசியா முடிவு பண்ணுங்க: வீட்டுக்கு கான்கிரீட் தரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் கிடையாது, வீட்டுத் தரை. "டைல்ஸ் போட்டு போரடிக்குது, இன்ஸ்டால பார்க்கிற மாதிரி கான்கிரீட் ஃப்ளோர் போடலாமா?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எனக்கும் இப்போ அதே கேள்விதான். செங்கல்பட்டு பக்கம் அப்பா தன்னோட ரிட்டையர்மென்ட் பணத்துல வீடு கட்டிட்டு இருக்கார். கீழ் வீட்டுல அப்பா, அம்மா, அப்புறம் 78 வயசுல பாட்டி. டைல்ஸ் இல்லாம கலர் கான்கிரீட் தரைன்னு முடிவாச்சு. மறுநாளே கொத்தனார் அண்ணன் போன் பண்ணிட்டார். "தம்பி, என்ன கலர்னு சொல்லுங்க, பொடி வாங்கணும்."

எல்லாரும் கலர்லதான் ஆரம்பிக்கிறோம். ஆனா சரியான வரிசை அதுக்கு நேர் எதிர். முதல்ல ஃபினிஷ், அதாவது மேல்பரப்பு எப்படி இருக்கணும். அடுத்து பேட்டர்ன். கலர் கடைசி. ஏன்னா கலர் பிடிக்கலைன்னா கண்ணு கொஞ்ச நாள்ல பழகிடும். ஃபினிஷ் தப்பாப் போனா பாட்டி வழுக்கி விழுவாங்க. அதோட கான்கிரீட்ல ரோல்பேக் கிடையாது. பிடிக்கலைன்னா உடைக்கணும், இல்ல மேல இன்னொரு லேயர் போடணும்.

இது நமக்குப் புதுசு இல்ல

"டெக்கரேட்டிவ் கான்கிரீட்"னு சொன்னா வெளிநாட்டு விஷயம் மாதிரி இருக்கும். உங்க தாத்தா வீட்டு சிவப்புத் தரையை ஞாபகப்படுத்திப் பாருங்க. அந்த ரெட் ஆக்ஸைடு தரைங்கிறது சிமெண்டுல இரும்பு ஆக்ஸைடு பொடி கலந்து, கரண்டியால அழுத்தித் தேய்ச்சு, தண்ணி நிறுத்தி இறுக விட்டது. ஆத்தங்குடி டைல்ஸும் அதே குடும்பம்தான். ஆக்ஸைடு கலர் கலந்த சிமெண்டை அச்சுக்குள்ள ஒரு கண்ணாடி மேல ஊத்துவாங்க. சூளையில சுடுறது கிடையாது, தண்ணியில ஊறவெச்சுத்தான் இறுக விடுவாங்க. கண்ணாடியில பட்ட பக்கம் மழமழன்னு வரும். பழைய சென்னை வீடுகள்ல இருக்கிற மொசைக் தரை, சிமெண்டுல கல் சில்லு கலந்து போட்டு மெஷின்ல தேய்ச்சது.

பிற்பாடு வந்தது ஸ்டாம்ப்டு கான்கிரீட். ஈரமா இருக்கும்போதே அச்சு வெச்சு அழுத்தி, கல் பாவின மாதிரியோ செங்கல் அடுக்கின மாதிரியோ காட்டுறது. 1950களில் கலிபோர்னியாவில் பிராட் போமன் என்பவர் இதை வளர்த்தெடுத்தார். இன்னைக்கு நம்ம ஊர்ல வில்லா வாசல்ல, கார் நிறுத்துற இடத்துல பார்க்கிறது இதோட வாரிசுதான்.

முதல்ல ஃபினிஷ்: கால், தண்ணி, வெயில்

ஒவ்வொரு இடத்துக்கும் மூணு கேள்வி கேளுங்க. யார் நடப்பாங்க? தண்ணி நிக்குமா? வெயில் படுமா?

ஹால், பெட்ரூம் மாதிரி உலர்ந்த இடத்துக்குப் பாலிஷ்டு கான்கிரீட் நல்லா இருக்கும். வைரத்தூள் பதிச்ச தகடுகளால படிப்படியாத் தேய்ப்பாங்க. 50, 100, 200, 400, 800னு நம்பர் ஏற ஏற பளபளப்பு கூடும். நடுவுல சிலிகேட் கரைசல் ஒண்ணு பூசுவாங்க. அது கான்கிரீட்ல இருக்கிற கால்சியம் ஹைட்ராக்சைடோட சேர்ந்து மேல்பரப்பை இறுக்கமாக்கும். வீட்டுக்கு 400 கிட்ட நிறுத்தினாலே லேசான மினுமினுப்பு வந்துடும். கண்ணாடி மாதிரி வேணும்னு 3000 வரைக்கும் போறது ஷோரூம் ஆசை. அதுல ஒவ்வொரு கால் தடமும் தெரியும்.

கார் நிறுத்துற இடம், வாசல் படி, துணி துவைக்கிற இடம், மொட்டை மாடி இதுக்கெல்லாம் பளபளப்பே வேண்டாம். ரெண்டு நல்ல வழி இருக்கு. ஒண்ணு ப்ரூம் ஃபினிஷ். இறுகுறதுக்கு முன்னாடி துடைப்பத்தை ஒரே திசையில இழுத்து மெல்லிய கோடு போடுறது. செலவும் குறைவு, வழுக்காது. இன்னொண்ணு, மேல இருக்கிற சிமெண்ட் பாலை மட்டும் கழுவி எடுத்து, உள்ள இருக்கிற கூழாங்கல்லை வெளியே காட்டுறது. பார்க்க அழகு, பிடிமானமும் உண்டு. ஆனா வெறுங்காலோட நடந்தா குத்தும். பாட்டி செருப்பு போடாம நடக்கிற இடத்துல அது வேண்டாம்.

அடுத்து சீலர். இதைப் பத்தித் தெளிவாக் கேட்டுக்கோங்க. அக்ரிலிக் சீலர் மேல ஒரு படலமா உக்காரும், கலரை ஈரமா இருக்கிற மாதிரி பளிச்சுன்னு காட்டும். ஆனா தண்ணி பட்டா வழுக்கும், தேய்மானம் ஆகும், சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். உள்ள ஊடுருவுற சைலேன் வகை சீலர் கலரையோ பளபளப்பையோ மாத்தாது, தண்ணியை மட்டும் தடுக்கும். வெளியே போட ரெண்டாவதுதான் சரி. அக்ரிலிக்தான் வேணும்னா, வழுக்காம இருக்க அதுல நுண்ணிய பொடி கலந்து தரச் சொல்லுங்க.

கிச்சனுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சிமெண்ட் காரத்தன்மை உள்ளது. புளி, எலுமிச்சை, தயிர் எல்லாம் அமிலம். சிந்தி அப்படியே விட்டா மேல்பரப்பை அரிச்சு, மங்கலா ஒரு தடம் விழும். மேடையைக் கான்கிரீட்ல போடுற ஃபேஷன் பார்க்க நல்லாத்தான் இருக்கு. தினமும் ரசம் வைக்கிற வீட்டுல அது எவ்வளவு நாள் தாங்கும்னு யோசிச்சுட்டு இறங்குங்க.

அடுத்தது பேட்டர்ன்: விரிசலுக்கு வழி விடுங்க

கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினா விரியும். இது கொத்தனார் குறை இல்ல, அந்தப் பொருளோட குணம். நம்ம கையில இருக்கிறது எங்க விரியணும்னு முடிவு பண்றது மட்டும்தான். அதுக்குத்தான் ஜாயின்ட் வெட்டுறாங்க. பொதுவான கணக்கு: பருமனைப் போல 24லிருந்து 30 மடங்கு தூரத்துக்குள்ள ஒரு ஜாயின்ட். 4 இஞ்ச் தரைன்னா 8லிருந்து 10 அடிக்குள்ள ஒண்ணு. ஆழம் பருமன்ல கால் பங்கு. போட்ட அன்னைக்கே, இல்லைன்னா மறுநாள் காலைக்குள்ள வெட்டிடணும். லேட் ஆனா கான்கிரீட் தானே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து விரிஞ்சிடும்.

பேட்டர்ன் பத்தின பேச்சு இங்கதான் ஆரம்பிக்கணும். இந்தக் கோடுகள் எப்படியும் வரப்போகுது. அதையே டிசைனா மாத்திக்கலாம். 12க்கு 18 அடி ஹால்னா, 6க்கு 6ஆ பிரிச்சா 6 சதுரம் வரும். நடுவுல பித்தளைப் பட்டையோ கண்ணாடிப் பட்டையோ வெக்கலாம். பழைய மொசைக் தரையில இருக்கிற கண்ணாடிப் பட்டைகளை நாம அழகுக்குன்னு நினைக்கிறோம். விரிசலைக் கட்டுப்படுத்துறதும் அதோட வேலைதான்.

ஏற்கெனவே இருக்கிற தரை மேல மெல்லிய லேயர் போடுறவங்க கவனிங்க. அடியில எங்க ஜாயின்ட் இருக்கோ, மேலயும் அதே இடத்துல விடணும். அடியில டைல்ஸ் ஆடினாலோ ஏற்கெனவே விரிசல் இருந்தாலோ, 2, 3 மில்லிமீட்டர் மைக்ரோசிமெண்ட் அதை மறைக்காது. கொஞ்ச நாள்ல அதே கோடு மேல வந்து எட்டிப் பார்க்கும். ஃபிளாட்டுல இருக்கிறவங்க முதல்ல தட்டிப் பாருங்க. கும்முனு வெறும் சத்தம் வந்தா, அந்த டைலை எடுத்துட்டுத்தான் அடுத்த வேலை.

ஸ்டாம்ப்டு பேட்டர்ன் வேணும்னா ரெண்டு விஷயம். பள்ளம் ஆழமா இருந்தா தூசி தங்கும், நாற்காலி ஆடும், வீட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம். ரெண்டாவது, சித்திரை வெயில்ல கான்கிரீட் சீக்கிரம் இறுகும். அச்சு வெக்கிற நேரம் ரொம்பக் கம்மி. பாதி இடத்துல ஆழமாவும் மீதியில லேசாவும் விழுந்தா அது அப்படியே நிக்கும். அதனால விடியற்காலையில வேலையை ஆரம்பிக்கணும், ஆள் போதுமான அளவு இருக்கணும்.

அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, எந்த கேட்டலாக்லயும் அது இல்ல. "வாசல்ல கல்லு மாதிரி மேடும் பள்ளமுமாப் போட்டுட்டா நான் கோலம் எங்கடா போடுறது?" கரெக்ட். அதனால வாசல் நடுவுல 4க்கு 4 அடி பேட்டர்ன் இல்லாம, கரண்டித் தேய்ப்போட நிறுத்திடச் சொல்லியாச்சு. ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கிறது, ஆரத்தி கொட்டுறது, இதெல்லாமும் வாசல்லதான் நடக்கும். குங்குமமும் மஞ்சளும் சீல் பண்ணாத கான்கிரீட்ல உடனே இறங்கிடும். மஞ்சள் வெயில்ல மெல்ல வெளுத்துடும், குங்குமக் கறை அவ்வளவு சுலபமாப் போகாது.

கடைசியா கலர்

கலர் பொடிகள்ல நம்பிக்கையானது இரும்பு ஆக்ஸைடு வகை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, இதைக் கலந்து பிரவுன். வெயிலுக்கு வெளுக்காது. பச்சைக்கு குரோமியம் ஆக்ஸைடு. நல்ல நீலம் கோபால்ட்ல வரும், விலை ஜாஸ்தி. "குறைஞ்ச விலையில அடர் நீலம்"னு யாராவது கொடுத்தா அது எந்தப் பொடின்னு கேளுங்க. வெயில்ல நிக்காத பொடிகளும் மார்க்கெட்ல உண்டு.

அளவு சிமெண்ட் எடையை வெச்சுத்தான். மணல், ஜல்லி கணக்குல வராது. 50 கிலோ மூட்டைக்கு 3 சதவீதம்னா ஒன்றரைக் கிலோ, 5 சதவீதம்னா ரெண்டரைக் கிலோ. 6 சதவீதத்துக்கு மேல போட்டா கலர் பெருசா கூடாது, காசுதான் கூடும். 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பலம் குறையும்.

சாதா சிமெண்ட் சாம்பல் நிறம்ங்கிறதையும் மறக்காதீங்க. அதுல மஞ்சள் கலந்தா மங்கலா, லேசாப் பச்சை அடிக்கும். இளம் மஞ்சள், க்ரீம், இளம் பச்சை மாதிரி மென்மையான ஷேடுக்கு வெள்ளைச் சிமெண்ட் வேணும். சிவப்பு, பிரவுன், கறுப்புக்குச் சாதா சிமெண்டே போதும். கம்பெனி மாறினா, ஏன், ஒரே கம்பெனியில வகை மாறினாலும் சாம்பல் மாறும், அதோட கலரும் மாறும். ஒரு அறைக்குத் தேவையான சிமெண்டையும் பொடியையும் ஒரே தடவையில வாங்கி வெச்சுடுங்க.

கொத்தனார் அண்ணன் ஒண்ணு சொன்னார்: "பொடியை எல்லாரும் அளப்பாங்க தம்பி, தண்ணியை யாரும் அளக்க மாட்டாங்க." இதுதான் பெரிய ரகசியம். தண்ணி ஜாஸ்தியான கலவை வெளுத்துக் காயும். ஒரு கலவை கெட்டியாவும் அடுத்தது தளர்வாவும் இருந்தா, ஒரே தரையில ரெண்டு சிவப்பு வரும். ஒவ்வொரு கலவைக்கும் பக்கெட்ல அளந்து ஊத்தணும்.

வெள்ளைத் திட்டு வந்தா கலர் போயிடுச்சுன்னு பயப்படாதீங்க. அது உப்பு பூக்கிறது. உள்ள இருக்கிற கால்சியம் ஹைட்ராக்சைடு ஈரத்தோட மேல வந்து, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடோட சேர்ந்து சுண்ணாம்பா மாறுது. சிவப்பு, கறுப்பு மாதிரி அடர் கலர்ல பளிச்சுன்னு தெரியும். தண்ணி கம்மியான கலவையும் சீரான க்யூரிங்கும் இதைக் குறைக்கும். ஒரு பக்கம் ஈரச் சாக்கு, இன்னொரு பக்கம் காய்ஞ்ச தரைன்னு விட்டா திட்டுத் திட்டாத்தான் வரும். நனைச்சா முழுசா, ஒரே மாதிரி, குறைஞ்சது 7 நாள்.

வெளிப்புறத்துக்கு இன்னும் ஒண்ணு: அடர் கறுப்பு மத்தியானம் காலைச் சுடும். மாடிக்கும் வாசலுக்கும் வெளிர் நிறம்தான் நம்ம வெயிலுக்குச் சரி.

ப்ரொடக்ஷன்ல டெஸ்ட் பண்ணாதீங்க

ஷேட் கார்டை நம்பி முடிவெடுக்காதீங்க. அது அச்சடிச்ச பேப்பர். அதே சிமெண்ட், அதே மணல், அதே பொடி, அதே ஆள், 3க்கு 3 அடி சாம்பிள் ஒண்ணு போடச் சொல்லுங்க. ஈரத்துல அடர்த்தியாத் தெரியும், காய்ஞ்சா வெளுக்கும். 28 நாள் விட்டுட்டு, பாதியில சீலர் பூசிப் பாருங்க. காலையில, மத்தியானம், ராத்திரி டியூப் லைட்ல பாருங்க. அப்புறம் தண்ணி ஊத்தி, வீட்டுலயே வயசானவங்க கையைப் பிடிச்சு அது மேல நடக்க வையுங்க. புளி, மஞ்சள், எண்ணெய் மூணையும் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. சாம்பிள் கெட்டா கெட்டது 9 சதுர அடிதான்.

எங்க வீட்டு முடிவு: ஹாலுக்கு ரெட் ஆக்ஸைடு, மினுமினுப்பு குறைவா, 6 அடிச் சதுரமா. பாட்டி ரூமுல இருந்து பாத்ரூம் போற வழி முழுக்க ப்ரூம் ஃபினிஷ். அந்த வழி பார்க்கச் சாதாரணமாத்தான் இருக்கும். போட்டோவுக்கு வராது, ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் விழமாட்டாங்க.

காண்ட்ராக்டர்கிட்ட கேட்க அஞ்சு கேள்வி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. என்ன பொடி, எத்தனை சதவீதம்? தண்ணியை எப்படி அளப்பீங்க? ஜாயின்ட் எங்க, எப்போ வெட்டுவீங்க? சீலர் என்ன வகை, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும்? சாம்பிள் எப்போ போடுவீங்க? கடைசிக் கேள்விக்கு "சாம்பிள் எல்லாம் எதுக்கு சார்"னு பதில் வந்தா, வேற ஆளைப் பாருங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். உங்க வீட்டுப் பழைய தரை போட்டோ இருந்தா அனுப்புங்க, பார்க்க ஆசையா இருக்கேன்.