பட்டம் தள்ளிப் போச்சா? வேலைக்கும் ஆபத்து! அமெரிக்காவில் நம்மூர் மாணவர்கள் திண்டாட்டம்

மகன் மே மாதம் எம்.எஸ். முடிப்பான், ஜூன் மாதம் வேலையில் சேருவான் என்று இங்கே அப்பா கணக்குப் போட்டு வைத்திருப்பார். திடீரென்று அமெரிக்காவில் இருந்து போன் வரும். "அப்பா, தீசிஸ் முடியலை. டிசம்பர் ஆகும்."

அரை வருஷம் தள்ளிப்போனால் குடியா முழுகிவிடும்? நம்மூரில் முழுகாது. அங்கே சில சமயம் முழுகிவிடுகிறது.

காரணம், ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி. 1992-ல் வந்த ஏற்பாடு இது. எப்-1 விசாவில் போன மாணவர், படித்த துறையிலேயே 12 மாதம் வேலை பார்க்கலாம். விஞ்ஞானம், என்ஜினீயரிங், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் உண்டு. 2023-24 கல்வி ஆண்டில் 97,556 இந்தியர்கள் இந்த அனுமதியில் இருந்தார்கள்.

தேதிதான் ராஜா

கல்லூரி கொடுக்கும் ஐ-20 என்ற காகிதத்தில் படிப்பு முடியும் தேதி இருக்கும். எல்லாக் கெடுவும் அதில் இருந்துதான் ஓடுகிறது. அதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மே 15-ந்தேதி என்றால் ஜூலை 14-ந்தேதியோடு கதை முடிந்தது. கல்லூரி அதிகாரி சிபாரிசு செய்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும் என்று இன்னொரு கெடுவும் உண்டு. 12 மாத வேலையையும் படிப்பு முடிந்த 14 மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பட்டம் தள்ளிப் போகும் என்று தெரிந்தால், அந்தத் தேதிக்கு முன்பே ஐ-20 காகிதத்தை நீட்டித்து வாங்க வேண்டும். ஆராய்ச்சித் தலைப்பு மாறியது, எதிர்பாராத ஆராய்ச்சிச் சிக்கல், நோய் என்றால் ஏற்பார்கள். மார்க் குறைந்து கல்லூரி எச்சரிக்கை கொடுத்ததால் தாமதம் என்றால் ஏற்கமாட்டார்கள். செலவுக்குப் பணம் இருப்பதையும் மறுபடி காட்டச் சொல்வார்கள்.

நீட்டித்துவிட்டால் கெடுக்களும் கூடவே நகர்ந்துவிடும். இந்த மட்டும் நிம்மதி. ஆனால் முழுநேர வேலைக்குப் போக முடியாது. வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு உள்ளே வாரம் 20 மணி நேரம்தான். ஜூனில் வா என்று ஆர்டர் கொடுத்த கம்பெனி அதுவரை காத்திருக்குமா என்பது மாணவரின் அதிர்ஷ்டம்.

தேதியைக் கோட்டை விட்டவர் பாடு இதைவிட மோசம். விசா அந்தஸ்தே போய்விடும். அதைத் திரும்பக் கேட்டுத் தனியாக மனு போட வேண்டும்.

கார்டு வந்துவிட்டால்...

சிலர் பிப்ரவரி மாதமே மனு போட்டுவிடுகிறார்கள். பிறகுதான் ஒரு பாடத்தில் பெயில் என்று தெரிகிறது. மனு பரிசீலனையில் இருந்தால் வாபஸ் வாங்கலாம். அனுமதி கார்டு வந்து, அதில் உள்ள ஆரம்பத் தேதியும் தாண்டிவிட்டால் சிக்கல்தான். நாள் ஓட ஆரம்பித்துவிடும். போன நாள் திரும்பாது. ஒரு படிப்பு நிலைக்கு ஒரு தடவைதான் இந்த அனுமதி. எம்.எஸ். கணக்கில் வீணானது வீணானதுதான்.

வேலை இல்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கணக்கும் அப்போதே தொடங்கிவிடும்.

பாடங்கள் எல்லாம் முடிந்து தீசிஸ் மட்டும் பாக்கி என்றால் ஒரு வழி இருக்கிறது. பட்டம் வராமலே ஓ.பி.டி. கேட்க சட்டத்தில் இடம் உண்டு. பகலில் கம்பெனி, ராத்திரி தீசிஸ்! ஆனால் சிபாரிசு செய்ய வேண்டியது கல்லூரி அதிகாரி. வேலையில் மூழ்கிவிட்டால் தீசிஸ் அப்படியே கிடந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது.

தாமதம் என்று தெரிந்த அன்றே அந்த அதிகாரியைப் போய்ப் பார்க்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கும் சொல்லாமல் அதிகாரிக்கும் சொல்லாமல் இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கல்விக்கடன் கொடுத்த நம்மூர் பாங்கிக்கும் புதிய தேதியை எழுதிக் கொடுப்பது நல்லது. பழைய தேதியை வைத்துத் தவணைக் கணக்கு ஓடினால், மகனுக்குச் சம்பளம் வருவதற்குள் அப்பாவுக்கு நோட்டீஸ் வந்து நிற்கும்.